பதுங்கியார் தெரு

கொற்றமங்கலத்து ஏரிக்கரையில் நிற்கும் கல்லுக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரில் பாதிப் பேர் கரைமேல் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் பஜ்ஜிக் கடைகூடப் போட்டுவிட்டார். ரபீக்குக்கு அதில் பெரிய சந்தோஷம். எந்த ஊருக்குப் போனாலும் அவன் முதலில் விசாரிப்பது மின்சாரத்தைப் பற்றி, அடுத்தது சாப்பாட்டைப் பற்றி.

ரபீக் வாணியம்பாடிக்காரன். ஸ்கேன் கருவி அவன் செய்தது. அவனையும் கருவியையும் ஊர் ஊராக அழைத்துக்கொண்டு வருபவள் வைஜெயந்தி, பல்கலைக்கழகத்தில் கல்வெட்டு ஆராய்ச்சி செய்பவள். பல்லவர் காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட செங்குன்ற அரையர்கள் என்ற சின்ன ராஜவம்சத்தைப் பற்றித்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த வம்சத்துக்குச் செப்பேடு கிடையாது, காசு கிடையாது, பாட்டுப் பாடிய புலவரும் கிடையாது. கல் சொன்னால்தான் உண்டு. அந்தக் கல்லிலும் கீழ்ப்பாதி உளியால் கொத்தி அழிக்கப்பட்டிருந்தது.

"கல்லுக்கு ஸ்கேனா?" என்றார் பஞ்சாயத்துத் தலைவி பூங்காவனம். "ஆணா பொண்ணான்னு சொல்லிடுமா?"

"அது சொல்லக் கூடாதும்மா, சட்டப்படி குற்றம்" என்றான் ரபீக், வாயில் பஜ்ஜியோடு.

கரையே சிரித்தது. பூங்காவனமும் சிரித்துவிட்டு, "சிரிப்பு இருக்கட்டும், தம்பி. அடிச்சு அழிச்ச எழுத்து எப்படித் திரும்பி வரும்? அத்த சொல்லு" என்றார்.

"நோட்டுல பேனாவை அழுத்தி எழுதறீங்க. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடறீங்க. அடுத்த தாளைத் தடவிப் பார்த்தா எழுதினது கைக்குத் தெரியும் இல்லையா? கல்லும் அப்படித்தான். உளியால ஒரு தட்டுத் தட்டினா மேல பள்ளம் விழும், உள்ளே கல்லோட மணியெல்லாம் நசுங்கும். மேலே இருக்கிற எழுத்தை யார் வேணாலும் கொத்தி எடுத்துடலாம். உள்ளே நசுங்கினது நசுங்கினதுதான். அதை இது படம் பிடிக்கும்."

"எந்த அடி முன்ன விழுந்தது, எது பின்னால விழுந்ததுன்னு தெரியுமா?" என்று கேட்டார் தணிகாசலம்.

"அதுவும் தெரியும் சார்."

தணிகாசலம் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், ஊரில் எல்லாருக்கும் மாஸ்டர். நரதீர அரையர் சிலைக் குழுவுக்குத் தலைவர். கல்லுக்குப் பக்கத்திலேயே பச்சைத் துணி போர்த்திக்கொண்டு அந்தச் சிலை நின்றது. குதிரை மேல், வாளை ஓங்கியபடி. வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

கல்லின் மேல்பாதியில் இருந்த வரியை ஊரில் சின்னப் பிள்ளைகூட ஒப்பிக்கும்: 'நரதீர அரையர் மாற்றார் படை எறிந்து வென்ற ஞான்று ஏரிக்கரையார் பதுங்கினார்.' அதாவது, ராஜா எதிரியின் படையை அடித்து வென்ற அன்றைக்கு ஏரிக்கரைக்காரர்கள் ஒளிந்துகொண்டார்கள்.

ராஜாவின் படைவீரர்கள் குடியேறிய தெரு படைத்தெரு. தணிகாசலத்தின் தெரு அது. ஏரிக்கரைத் தெருவுக்குப் பஞ்சாயத்துப் பலகையில் மட்டும்தான் அந்தப் பெயர். மற்றபடி அது பதுங்கியார் தெரு. பூங்காவனத்தின் தெரு. ராஜா ஜெயித்ததை ஊர் வருடந்தோறும் கொண்டாடும் வெற்றித் திருநாளில் கடைசித் தாம்பூலம் அவர்களுக்குத்தான். கபடியில் அந்தத் தெருப் பையன் பாடிப் போனால் கூட்டம் "பதுங்குடா, பதுங்கு" என்று கத்தும். யாரும் பகைமையோடு கத்துவதில்லை. அதனாலேயே கோபித்துக்கொள்ளவும் முடியாது.

பூங்காவனத்தின் அண்ணன் அர்ச்சுனன் பட்டாளத்தில் இருந்தவர். பனி மலையில் காவல் காத்து, காலில் குண்டு வாங்கி, பதக்கத்தோடு ஊர் திரும்பினார். அந்த வருடத் திருநாளுக்கு விறைப்பாக உடுப்புப் போட்டுக்கொண்டு போனார். ஒலிபெருக்கியில், "அடுத்து, பதுங்கியார் வகையறா, அர்ச்சுனன்" என்று கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் திருநாளுக்குப் போகவேயில்லை. இதை வைஜெயந்தியிடம் சொன்னபோது பூங்காவனம் சிரிக்கவில்லை.

மேல்பாதியின் படம் மறுநாள் காலையில் வந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தில் கணினியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வைஜெயந்தி, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்புறம் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்ன மேடம்?" என்றான் ரபீக்.

"ரெண்டு பேரையும் கூப்பிடு. தலைவரையும் மாஸ்டரையும். சேர்ந்தே வரணும். ஒருத்தருக்கு முதல்ல, இன்னொருத்தருக்குப் பிறகுன்னு சொல்ல மாட்டேன்."

அவளுக்கு அதில் பயம் இருந்தது. போன வருடம் வேறொரு ஊரில், மண்டபம் கட்டியவர் பெயரைக் கொத்தி எடுத்துவிட்டு வேறொருவர் பெயரை வெட்டியிருந்ததை இந்தக் கருவி காட்டிக்கொடுத்தது. அதுவரை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட இரண்டு குடும்பங்கள் இப்போது நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கின்றன. கல்லுக்குள் இருப்பதைப் படிப்பது சுலபம். படித்ததை எங்கே வைப்பது என்பதைக் கருவி சொல்வதில்லை.

இருவரும் வந்தார்கள். வைஜெயந்தி படத்தைப் பெரிதாக்கினாள்.

"இங்கே பாருங்க. 'படை எறிந்து வென்ற' அப்படிங்கிறது பிறகு வெட்டினது. அதுக்கு அடியில முதல்ல இருந்தது 'படைக்கு உடைந்து வந்த'. ராஜா தோத்துட்டு ஓடி வந்திருக்கார்."

தணிகாசலம் ஜன்னல் வழியாகப் பச்சைத் துணி போர்த்திய சிலையைப் பார்த்தார்.

"இன்னொன்னு" என்றாள் வைஜெயந்தி. "'பதுங்கினார்'ல இருக்கிற 'ங்'. அதுவும் பிறகு வெட்டினது. முதல்ல அங்க இருந்தது 'க்'."

பூங்காவனம் உதட்டை அசைத்துப் படித்துப் பார்த்தார். "பதுக்கினார்."

"ஆமாம். அதோட, முன்னால ஒரு சொல்லைக் கொத்தி எடுத்திருக்காங்க. 'குதிருள்'. நெல்லுக் கொட்டி வைக்கிற குதிருக்குள்ள. அன்னிக்கு ஏரிக்கரையார் ஒளிஞ்சுக்கல. தோத்து ஓடி வந்த ராஜாவைத் தங்களோட வீட்டுக் குதிருக்குள்ள ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தியிருக்காங்க."

பிறகு பூங்காவனம், "ரேசன் அரிசியத்தான் பதுக்குவாங்கன்னு நெனச்சேன்" என்றார். "எங்க ஆளுங்க ராஜாவையே பதுக்கிகீறாங்களே!" சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கண்ணனுக்கு போன் போடணும்."

"தலைவரம்மா" என்றார் தணிகாசலம். குரல் இறங்கியிருந்தது. "ஞாயித்துக்கெழமை வரைக்கும் பொறுக்கக் கூடாதா? பத்திரிகை குடுத்தாச்சு. ராஜா ஜெயிச்ச எடம்னுதான் சொல்லிக் கூப்பிட்டுகீறோம். சிலை வாளோட நிக்குது."

"இன்னும் எத்தினி காலம் மாஸ்டரு பொறுக்கறது?"

தணிகாசலம் தலையை ஆட்டிவிட்டு வெளியே கிளம்பினார். கதவருகில் திரும்பி, "நீங்க சொல்றது நியாயம்தான்" என்றார்.

சனிக்கிழமை காலையில் கிராமசபையைக் கூட்டுவது என்று பூங்காவனம் முடிவுசெய்தார். அதற்குள் கொத்தி அழிக்கப்பட்ட கீழ்ப்பாதியையும் எடுத்துவிட வேண்டும் என்று வைஜெயந்தி சொன்னாள். ரபீக் கருவியைக் கல்லோடு கட்டிவைத்தான். வரிவரியாகப் படம் ஏறியது. வைஜெயந்தி படிக்கப் படிக்க இன்றைய எழுத்தில் பெயர்த்துத் தட்டச்சு செய்து திரையில் ஏற்றிக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பூங்காவனம் அலுவலகத்துக்கு வந்தபோது அவள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா கண்ணு, கெட்ட சேதியா?"

"கெட்டதான்னு தெரியல. உக்காருங்க. உங்க முன்னோர்கள் ஏமாந்து போகலம்மா. அவங்க சம்மதிச்சிருக்காங்க."

"எதுக்கு?"

"ராஜா பெரிய ஆளான பிறகு இந்த ஊருக்குத் திரும்பி வந்திருக்கார். தோத்து ஓடினது கல்லுல இருந்தா மத்த அரசர்கள் மதிக்க மாட்டாங்கன்னு சொல்லியிருக்கார். கல்லை மாத்தணும், பதுக்கினவங்களைப் பதுங்கினவங்களாக்கணும், அதுக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கார். ஏரிக்கரையார் ஏரியைக் கேட்டிருக்காங்க. அப்ப இது அரசனோட ஏரி. தங்களுக்குன்னு கேட்கல. 'ஊரார் எல்லார்க்கும் பொதுவாக.' இதோ பாருங்க. 'சந்திராதித்தவல் இப்பெயர் சுமக்க இசைந்தோம்.' நிலாவும் சூரியனும் இருக்கிற வரைக்கும் இந்தப் பேரைச் சுமக்கிறோம்னு வாக்குக் கொடுத்திருக்காங்க."

ரபீக் தலையைச் சொறிந்தான். "ரகசியத்தை யாராவது கல்லுல வெட்டுவாங்களா மேடம்?"

"எழுத்து இல்லாம ஊர் நம்பாது. எழுத்து நின்னா ராஜாவுக்கு ஆகாது. அதனால வெட்டி, எல்லார் முன்னாலயும் படிச்சுக் காட்டி, உடனே கொத்தி எடுத்திருக்காங்க. ஒரே உளி. வெட்டினவனே அழிச்சிருக்கான். சொன்ன சொல் கல்லுக்குள்ள இருக்கட்டும்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டிருக்காங்க."

பூங்காவனம் எழுந்து ஜன்னலருகே போனார். ஏரி நிறைந்து கிடந்தது. படைத்தெருக் கழனிகளுக்கும் ஏரிக்கரைத் தெருக் கழனிகளுக்கும் ஒரே மதகிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"அப்போ நாளைக்கு நான் சபையில சொன்னா வாக்கு மீறினதா ஆவுமா?"

"ராஜாவும் இல்ல, ராஜ்யமும் இல்லம்மா."

"அத்த கேக்கல. எங்க ஆளுங்க குடுத்த வார்த்தை." கொஞ்சம் யோசித்தார். "எங்க பசங்க தலையில ஏத்துன பேரு அது. அவங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேக்கல. நான் சொல்லத்தான் போறேன்."

அப்போது கடைசி வரியின் படம் ஏறியது. வைஜெயந்தி அதைப் பெயர்த்து எழுதினாள். எழுதிவிட்டுப் பூங்காவனத்தைப் பார்த்தாள். அவரே வந்து குனிந்து படித்தார்.

'அரையரோடு உடைந்து வந்த படையாரும் இவ்வூர்க் குதிர்களிற் பதுங்கினார். பின்பு இவ்வூரிலேயே இருந்தார்.'

"படைத்தெரு" என்றார் பூங்காவனம் மெதுவாக.

"ஆமாம்மா. நிஜமாவே பதுங்கினவங்க அவங்கதான். உங்க பேரு அவங்களோட பேரு."

ரபீக்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாஸ்டர் மூஞ்சியை நாளைக்குப் பார்க்கணும்!"

பூங்காவனம் சிரிக்கவில்லை. அந்த வரியை மறுபடி படித்தார். சபையில் அவர் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது மூவருக்கும் தெரியும். அடுத்த கபடியிலிருந்து கூட்டத்தின் கத்தல் வேறு பையன்கள் பக்கம் திரும்பும். கத்துவதற்கு ஏரிக்கரைத் தெருவுக்கு ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக் கடன் பாக்கி இருக்கிறது.

"இந்த வரிய நாளைக்குப் படிக்காத, கண்ணு" என்றார்.

"அம்மா, நான் ஆராய்ச்சி பண்றவ. படிச்சதை மறைக்க முடியாது. கட்டுரையில எல்லா வரியும் வரும்."

"வரட்டும். புஸ்தகத்துல போடு, நல்லா போடு. அது வர்றதுக்குள்ள ரெண்டு தெருவும் சேந்து ரெண்டு திருநா பாத்திருக்கும். அப்ப படிச்சா சிரிச்சிட்டுப் பூடுவாங்க. நாளைக்குப் படிச்சா சிரிக்க மாட்டாங்க. நான் கேக்கறது நாளைக்கு மட்டும்தான். மைக்குல வேணாம்."

வைஜெயந்தி யோசித்தாள். போன வருடத்து இரண்டு குடும்பங்கள் நினைவுக்கு வந்தன. "உங்களுக்கு இது பெரிய வெற்றிம்மா. கையில வெச்சுக்கிட்டு விடறீங்களே" என்றாள்.

"என் பேரு எனக்கு வந்தாப் போதும். அவங்க பேர எடுத்து நான் இன்னா பண்ணப் போறேன்?"

மூவரும் சாப்பிடப் போனார்கள். ரபீக்குக்குத்தான் பசி பொறுக்கவில்லை.

சனிக்கிழமை சபைக்கு அரசமரத்தடி கொள்ளவில்லை. அர்ச்சுனனும் வந்திருந்தார். உடுப்பில்லை, வேட்டி சட்டைதான். தடியை ஊன்றிக்கொண்டு கடைசியில் நின்றார். தணிகாசலம் முன்வரிசையில் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வைஜெயந்தி படித்தாள். ராஜா தோற்றதைப் படித்தபோது முணுமுணுப்பு எழுந்தது. குதிருக்குள் ஒளித்ததைப் படித்தபோது யாரோ, "அவ்ளோ பெரிய ஆளு எப்படி உள்ள போனாரு?" என்று கேட்க, சிரிப்பு பரவியது. வாக்குக் கொடுத்து ஏரியை வாங்கியதைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் பலர் ஏரியைத் திரும்பிப் பார்த்தார்கள். நாள்தோறும் பார்க்கிற ஏரிதான்.

'இப்பெயர் சுமக்க இசைந்தோம்' என்ற இடத்தோடு வைஜெயந்தி தாளை மடித்தாள். தணிகாசலம் கண்ணை மூடித் திறந்ததை அவள் கவனித்தாள்.

அவர்தான் முதலில் எழுந்தார். மைக்கை வாங்கினார். பள்ளிக்கூட மைதானத்தில் கத்திப் பழகிய குரல் அன்றைக்கு எழும்பவில்லை.

"நாம குடிக்கிற தண்ணி இவங்க சம்பாரிச்சுக் குடுத்தது. இவ்ளோ நாளா இவங்களப் பாத்து நாம சிரிச்சிகினு இருந்தோம். அர்ச்சுனா, முன்னால வாப்பா."

அர்ச்சுனன் வரவில்லை. தணிகாசலம் மைக்கை வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்துபோய் அவர் கையைப் பிடித்தார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. அர்ச்சுனன் ஏதோ பதில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, தடியின் வேகத்துக்கு, முன்னால் வந்தார்கள்.

"சிலைய இன்னா பண்றது?" என்று ஒரு குரல் கேட்டது.

"வாளப் புடுங்கிடலாமா?"

"வேணாம்பா" என்றார் பூங்காவனம். "வாளோட அழகாத்தான் கீறாரு. எங்க வூட்டு விருந்தாளி. கீழ எழுதறத மட்டும் மாத்துங்க."

ஞாயிற்றுக்கிழமை துணியை விலக்கினார்கள். நரதீர அரையர் குதிரைமேல் வாளை ஓங்கி நின்றார். பீடத்தில், 'இவரைக் காத்தது இவ்வூர்' என்று புதிதாக வெட்டியிருந்தது. வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் ஏற்கனவே எழுதிக்கொண்டு வந்திருந்த வெற்றிப் பேச்சை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். பதுங்கியார் தெருப் பெயரை மாற்றலாம் என்ற தீர்மானத்தை அந்தத் தெருக்காரர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏரி கொடுத்த பேர், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள்.

மறுநாள் காலையில் ரபீக் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். தணிகாசலம் ஒரு பை நிறைய வேர்க்கடலையோடு வந்தார். அதை ரபீக்கிடம் கொடுத்துவிட்டு வைஜெயந்தியைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார்.

"மேடம், அந்தக் கடைசி வரிய நான் படிச்சிட்டேன்."

வைஜெயந்தி சட்டென்று அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெள்ளிக்கெழமை மத்தியானம் ஆபீசுக்கு வந்தேன். யாரும் இல்ல, நீங்கல்லாம் சாப்பிடப் போயிருந்தீங்க. திரையில அப்படியே கீது. படையாரும் பதுங்கினார்னு. அன்னிக்குப் பூரா சோறு எறங்கல. மறுநாள் சபையில நீங்க எப்ப படிப்பீங்க, எப்ப படிப்பீங்கன்னு உக்காந்திருந்தேன். தாளை மடிச்சிட்டீங்க."

"நான் இல்ல சார். அவங்க..."

"தெரியும். தலைவரம்மா சொல்லித்தான் இருக்கும். நீங்களா வரிய விடற ஆளு இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

"ஏன் சார்? சொன்னா சந்தோஷப்படுவாங்களே."

"ஒருத்தர் நம்மள ஒளிச்சு வெச்சிருக்கும்போது நாமளே தலைய வெளிய நீட்டினா, அவங்களுக்கு மரியாதையா மேடம்?"

பின்னாலிருந்து பூங்காவனத்தின் குரல் கேட்டது. "இன்னா மாஸ்டரு, மேடம் காதுல குசுகுசுன்னு?"

"ஒன்னுமில்ல தலைவரம்மா. மழை வரும்போல கீதுன்னு சொல்லிகினு இருந்தேன்."

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பூங்காவனம் அண்ணாந்து பார்த்தார். பிறகு தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தார், கொஞ்சம் கூடுதல் நேரம்.

"ஆமா மாஸ்டரு" என்றார். "வரும்போலத்தான் கீது."